புள்ளி வைத்துப் பார்த்தால்...

ஆறு மாதங்களுக்கு முன்பு எங்கள் மாதர் வாசக சங்கத்தில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்றதும் கூச்சலும் குழப்பமும் என்று எண்ணிவிடாதீர்கள். நாங்கள் எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். காபியைக் குடித்துக்கொண்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு, மிகவும் பதவிசாகப் பதின்மூன்று பேரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவதைப் பற்றிப் பேசினோம்.

சங்கத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1989-ல் சென்னை மந்தைவெளியில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்தது. ஆளுக்கு இரண்டு புத்தகம் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினோம். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவது, எடுத்துப் போன புத்தகத்தைத் திருப்பித் தருவது, படித்ததைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது, பிறகு ஊர்க்கதையெல்லாம் பேசுவது. இவ்வளவுதான் எங்கள் வேலைத் திட்டம். அன்று அங்கத்தினர் அத்தனை பேரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். மாலையில் வாசல் தெளித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நடந்து வந்துவிடுவார்கள்.

இப்போது நாங்கள் 43 பேர். எங்கள் காரியதரிசி அம்மாள் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான். வருகைப் பதிவேட்டின் மேல் அவருக்குள்ள பற்று ஓய்வு பெறவில்லை. அன்றைய கூட்டத்தில் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர்கள் பதின்மூன்று பேர். சேர வேண்டும் என்று வெளியில் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். கூடத்திலோ இடம் இல்லை. வராதவர்களின் பெயரை எடுத்துவிடலாம் என்று பிரேரேபிக்கிறேன்."

"நியாயம்தானே! ஆர்வம் இருந்தால் வரமாட்டார்களா? டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்" என்றார் ஒரு மாமி.

எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். இதை உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுவதுதான் மரியாதை.

பதின்மூன்று பேருக்கும் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீங்கள்தான் நயமாக எழுதுவீர்கள்" என்று சொல்லிப் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நயமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு உலகத்தில் இந்த மாதிரி வேலைதான் கிடைக்கும் போலிருக்கிறது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பதிவேட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி வந்து எட்டிப் பார்த்தாள்.

"பாட்டி, இவங்கல்லாம் எங்கே இருக்காங்க?"

"பக்கத்திலேயே விலாசம் எழுதியிருக்கேடி. கண் தெரியலையா?"

"விலாசம் தெரியறது பாட்டி. இடம்தான் தெரியலை."

இது என்ன பேச்சு என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அவள் சொன்னது சரி. 43 விலாசங்களும் எனக்கு நெட்டுருப் போட்ட மாதிரி தெரியும். ஆனால் யார் வீட்டுக்கு யார் வீடு பக்கம், யார் எவ்வளவு தொலைவிலிருந்து வந்து எங்கள் முறுக்கைக் கடித்துவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். பட்டியல் வரிசையாகத்தான் பேசும். சேர்ந்த தேதிப்படி எழுதினால் ஐந்தாம் நம்பருக்குப் பக்கத்தில் ஆறாம் நம்பர். ஐந்து மந்தைவெளியிலும் ஆறு குரோம்பேட்டையிலும் இருக்கும் சங்கதி பட்டியலுக்குத் தெரியாது.

"வா, படத்தில் போட்டுப் பார்க்கலாம்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள் பேத்தி.

"செலவு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். குடும்பம் நடத்துகிறவள் வேறு எதைக் கேட்பாள்?

"காலணா செலவில்லை" என்றாள். கூகுள் நிறுவனம் 'மை மேப்ஸ்' என்று ஒரு சாதனத்தை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். விலாசங்களைக் கட்டம் கட்டிய ஒரு தாளில், வரிசைக்கு ஒருவராக, கம்ப்யூட்டரிலேயே எழுத வேண்டியது. அந்தத் தாளை வரைபடத்துக்குள் ஏற்றினால் அது இரண்டு கேள்வி கேட்கும். விலாசம் எந்தப் பத்தியில் இருக்கிறது? புள்ளியின் பெயராக எந்தப் பத்தியைப் போடுவது? பதில் சொல்லிவிட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊர்ப் படத்தின் மேல் புள்ளிகள் வந்து விழுகின்றன. ஒரு அடுக்கில் 2,000 வரிசை வரை ஏற்றலாமாம். எங்கள் 43 பேர் அதற்கு ஒரு கொசு.

புள்ளிகள் விழுந்தன. ஆனால் எப்படி விழுந்தன என்கிறீர்கள்! கே.கே. நகர் அம்மாள் திருச்சிக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒரு கே.கே. நகர் இருக்கிறதல்லவா? அடையாறு காந்தி நகர்க்காரர் வேலூர்ப் பக்கம் போய் நின்றார். 'பழைய எண், புதிய எண்' என்று சென்னை வாசல்களில் எழுதி வைத்திருக்கிறோமே, அதைப் படித்து மயங்கிய யந்திரம் ஒருவரைத் தெருவின் மறு கோடியில் கொண்டுபோய் வைத்தது. இன்னும் மூன்று பேரை, "இந்த விலாசம் எங்கே என்று தெரியவில்லை" என்று ஓரமாக ஒதுக்கிவிட்டது. எல்லாவற்றையும் அறிந்ததாகச் சொல்லப்படும் யந்திரம் 'பிள்ளையார் கோயில் பின்புறம்' என்பதைப் புரிந்துகொள்ளாமல் திணறியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"பின்கோடு போடு பாட்டி, சரியாகிவிடும்" என்றாள். போட்டோம். திருச்சிக்குப் போனவர் ஒரு நொடியில் சென்னை திரும்பிவிட்டார்.

இந்தப் பின்கோடு நமக்கு வந்தது 1972 ஆகஸ்டு 15-ல். ஆறு இலக்கம் இருக்கிறதே, அதில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி சேர்ந்த வட்டாரம். முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும்; சென்னைக்கு 600. கடைசி மூன்றும் எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். மயிலாப்பூர் 600004, தியாகராய நகர் 600017, நங்கநல்லூர் 600061. ஒரே பெயரில் நகர் நகராக வைத்துக்கொண்டிருக்கும் நம் ஊருக்கு இந்த ஆறு எண்கள் எவ்வளவு பெரிய உபகாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்கோடுக்கும் பிடிபடாத ஓரிரண்டு புள்ளிகளைப் பேத்தி கையாலேயே நகர்த்தி, நான் சொன்ன பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு நிறம் பூசினாள். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பச்சை. வராத பதின்மூன்று பேருக்குச் சிவப்பு. படத்தை என் பக்கம் திருப்பினாள்.

வாசகர்களே, ஒரு நிமிஷம் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்று இந்தப் பகுதியை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், ஆழ்வார்ப்பேட்டை. இங்கே பச்சைப் புள்ளிகள் கொத்தாக, குலை தள்ளிய மாதிரி இருந்தன. மொத்தம் இருபத்திரண்டு. அடையாறு, திருவான்மியூர், தியாகராய நகர், மேற்கு மாம்பலம் ஆகிய இடங்களில் இன்னும் எட்டுப் பச்சை. சிவப்பு எங்கே? சைதாப்பேட்டையில் ஒன்று, நங்கநல்லூரில் நான்கு, பல்லாவரத்தில் ஒன்று, குரோம்பேட்டையில் மூன்று. தாம்பரம் போகிற மின்சார ரயில் பாதையில் மணி கோத்தாற்போல் ஒன்பது சிவப்புப் புள்ளிகள்! வேளச்சேரியில் இரண்டு. கே.கே. நகரில் ஒன்று. ஆக, பன்னிரண்டு பேர்.

"ஆர்வம் போய்விட்டது" என்று நாங்கள் தீர்ப்புச் சொன்னோமே! போனது ஆர்வம் இல்லை, வீடு. சொந்த வீட்டை இடித்து அடுக்கு மாடியாகக் கட்டக் கொடுத்தவர்கள், வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கே போனவர்கள், மகனோடு இருக்கப் போனவர்கள். ஒவ்வொருவராக நகர்ந்திருக்கிறார்கள். நாங்கள் பதிவேட்டில் பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதிய விலாசத்தை எழுதியிருக்கிறோம். அடித்து எழுதிய கைக்கு அந்தப் பெண் எவ்வளவு தொலைவு போய்விட்டாள் என்பது உறைக்கவில்லை.

குரோம்பேட்டை அம்மாளுக்குப் போன் செய்தேன். "வரணும்னு ஆசை இல்லாமலா மாமி? ரயில் ஏறி, இறங்கி, பஸ் மாறி வந்தா முழங்கால் ரெண்டும் மறுநாள் எழுந்திருக்க விடறதில்லை. ஆட்டோவில் வந்தா, அந்தப் பணத்துக்குப் புத்தகத்தையே வாங்கிடலாம்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "என்னை எடுத்துட்டேளா?"

என்னிடம் நயமான பதில் எதுவும் இல்லை.

ஆனால் பன்னிரண்டு பேருக்குத்தானே கணக்கு ஆயிற்று? பதின்மூன்றாவது சிவப்புப் புள்ளி எங்கே? அது மந்தைவெளியிலேயே இருந்தது, எங்கள் கூடத்திலிருந்து இரண்டே தெரு தள்ளி. பச்சைக் கொத்தின் நடுவில் அந்த ஒரு சிவப்பு, பாயசத்தில் மிளகாய் விழுந்த மாதிரி கண்ணை உறுத்தியது.

"இவங்களுக்குத் தூரம் காரணம் இல்லை பாட்டி. இந்த மாதிரி ஒட்டாம நிக்கிற புள்ளியைத்தான் முதலில் போய்ப் பார்க்கணும்" என்று சொல்லிப் பேத்தி ஒரு கதை சொன்னாள். கதையல்ல, நடந்ததுதான்.

1854-ல் லண்டனில் ஸோஹோ என்ற பகுதியில் காலரா கண்டு சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கெட்ட காற்றினால் வருகிறது என்று பெரிய டாக்டர்களே நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும், தண்ணீரினால் வருகிறது என்றார். இறந்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலான சாவுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்தன. அவர் எடுத்துச் சொன்னதன் பேரில் அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு அவர் எல்லாவற்றையும் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். ஆனால் அந்தப் பம்புக்கு அருகிலேயே பீர் காய்ச்சும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் யாரும் காலராவில் சாகவில்லை. ஏன்? அவர்களுக்குக் குடிக்க பீர் கிடைத்தது; தொழிற்சாலைக்கென்று தனிக் கிணறும் இருந்தது. பம்புத் தண்ணீரை அவர்கள் தொடவே இல்லை. ஒட்டாமல் நின்ற அந்த இடமும் ஸ்நோவின் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

மறுநாள் மாலை நான் அந்தப் பதின்மூன்றாவது புள்ளியைப் பார்க்கப் போனேன்.

இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. கதவைத் திறந்தவரை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். எங்கள் அலமாரியில் பாதிப் புத்தகத்தைப் படித்து முடித்தவர். கூட்டத்தில் அவர் அபிப்பிராயம் சொன்னால் காரியதரிசி அம்மாளே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அவர் என் முகத்துக்கு நேராகப் பார்த்து, "யாரு?" என்றார்.

குரலைக் கேட்ட பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது. உள்ளே போய் உட்கார்ந்தோம். கணவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அது எங்களுக்குத் தெரியும். வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனோம். அதற்குப் பிறகு கண் பார்வை படிப்படியாக மங்கியது எங்களுக்குத் தெரியாது. மேஜை மேல் எங்கள் சங்கத்துப் புத்தகங்கள் இரண்டு, தூசி தட்டி, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தன.

"படிக்காமல் திருப்பிக் கொடுக்க வெட்கமா இருந்தது. படிச்சேன்னு பொய் சொல்லவும் வரலை. அதான் வராமலே இருந்துட்டேன்" என்றார்.

இரண்டு தெரு. நடந்தால் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தை ஒன்றரை வருஷமாக எங்களில் ஒருவரும் நடக்கவில்லை. மாடி ஏற முடியாதவர் எத்தனை பேர், கண் தெரியாதவர் எத்தனை பேர் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் வராது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று மட்டும்தான் அது காட்டும். தட்ட வேண்டியது நாம்தான்.

அடுத்த கூட்டத்தில் படத்தைக் காட்டினோம். காரியதரிசி அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "என் வீட்டிலிருந்து கூடத்துக்கு நூறு அடி. நான் ஒரு கூட்டம்கூடத் தவறவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தீர்மானத்தைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

படத்தில் இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. வேளச்சேரியில் இருந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளும் அடுத்தடுத்த தெரு! ஒருவர் 2016-ல் குடிபோனவர், மற்றவர் 2019-ல். கூட்டத்துக்கு வருவதை இருவருமே நிறுத்திவிட்டதால், ஒருவர் அங்கே இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஒரே கடையில்தான் கீரை வாங்கியிருப்பார்கள்! ஒரே ஆட்டோவில் பாதிப் பாதிச் செலவில் வந்திருக்கலாமே என்று இப்போது இருவரும் அங்கலாய்க்கிறார்கள்.

மழைக்காலத்துக்கு இதைவிடப் பெரிய துணை வேறு ஏது? 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறந்திருக்க முடியாது. அந்தச் சமயத்தில், உலகத்தார் எல்லோரும் சேர்ந்து வரைகிற 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' என்ற இலவச வரைபடத்தின் மேல், தண்ணீர் புகுந்த சென்னைத் தெருக்களைப் பொதுமக்களே குறித்துக் காட்டும்படி தன்னார்வலர்கள் ஏற்பாடு செய்தார்கள். நாங்களும் இப்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 'மழைத் துணை' என்று வைத்திருக்கிறோம். மழை வலுத்தால் ஒருவருக்கொருவர் போன் செய்து விசாரிக்க வேண்டும். ஆனால் ஒன்று: படத்தில் ஒட்டினாற்போலத் தெரிவதெல்லாம் ஒட்டு அல்ல. தியாகராய நகர்ப் புள்ளியும் மேற்கு மாம்பலத்துப் புள்ளியும் விரல்கடைத் தூரம்தான். நடுவில் ரயில் தண்டவாளம் இருக்கிறது. சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்றால் அது விரல்கடை அல்ல, காத தூரம். படத்தை யந்திரம் போடட்டும். ஜோடி சேர்க்கும்போது அந்த வட்டாரத்துப் பெண் ஒருத்தியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனை நல்லதும் சொன்ன பிறகு, நாங்கள் செய்த ஒரு பெரிய பிசகையும் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டை அப்படியே முழுசாகத் தட்டி ஏற்றினோம் என்றேன் அல்லவா? அதில் போன் நம்பர் இருந்தது. பிறந்த தேதி இருந்தது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. காரியதரிசி அம்மாள் எதையும் விடாமல் எழுதுகிறவர். 'கணவர் காலமானார். தனியாக இருக்கிறார். மகன் அமெரிக்காவில்' என்றெல்லாம் எழுதியிருந்தார். ஏற்றின பத்திகள் அத்தனையும், புள்ளியைத் தொட்டவுடன் ஒரு சீட்டு மாதிரி விரிந்து தெரியும். இது எங்களுக்கு உறைக்கவில்லை. 'இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டு, அந்த இணைப்பைச் சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். ஒருவர் பெருமையாகத் தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது எங்கெங்கே போயிற்றோ!

தனியாக இருக்கும் வயதான பெண்கள் எந்தத் தெருவில், எந்த வாசலில் இருக்கிறார்கள் என்று ஊருக்குப் படம் போட்டுக் கொடுத்தவர்கள் யார்? நாங்கள்தான்! நல்ல எண்ணத்தோடு, காலணா செலவில்லாமல்!

நல்லவேளை, மூன்றாம் நாளே விஷயம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த நிமிஷமே பேத்தி அந்த இணைப்பை மூடிவிட்டாள். மூடினால் பழைய இணைப்பைத் தட்டுகிறவர்களுக்குப் படம் வராது. ஆனால் அதற்குள் யாராவது படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய இடத்திலேயே இந்தப் பிசகு நடந்திருக்கிறது. ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் தாங்கள் ஓடிய தடத்தைப் பதிந்து வைக்க 'ஸ்ட்ராவா' என்று ஒரு செயலி உண்டு. அந்த நிறுவனம் உலகத்தார் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து 2017-ல் ஒரு படம் வெளியிட்டது. அதில் ஒருவர் பெயரும் இல்லை. ஆனாலும், ஆளரவம் இல்லாத பாலைவனத்தில் பளிச்சென்று தடங்கள் தெரிந்தன. அங்கே ராணுவ முகாம் இருக்கிறது என்று 2018 ஜனவரியில் ஒரு கல்லூரி மாணவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். பட்டாளத்துக்காரர்களே ஏமாந்த இடத்தில் நாம் எம்மாத்திரம்?

மந்தைவெளி அம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வாசலில் கோலம் போடறது நாலு பேர் பார்க்கத்தான். அதுக்காக வீட்டுச் சாவியை வாசலில் மாட்டி வைப்போமா?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

அந்தப் படத்தை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். உங்கள் பஜனை மண்டலிக்கோ, பழைய மாணவியர் சங்கத்துக்கோ, அடுக்கு மாடிக் குடியிருப்புக்கோ இப்படி ஒரு படம் போட ஆசை வந்தால், எங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். முதலாவதைப் பார்த்து வேண்டாம்.

முதல் காரியம், ஒவ்வொருவரையும் கேட்டுச் சம்மதம் வாங்கினோம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். 'ஏன்?' என்று கேட்கவில்லை; விட்டுவிட்டோம். இரண்டாவது, பதிவேட்டைத் தொடாமல், தனியாக ஒரு தாள் எழுதினோம். அதில் மூன்றே பத்தி: ஒரு எண், தெருவின் பெயர், பின்கோடு. வாசல் எண் இல்லை, பெயர் இல்லை, போன் இல்லை, குறிப்பு இல்லவே இல்லை. எந்த எண் யார் என்பது காரியதரிசி அம்மாளின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. யார் யாருக்குப் பக்கம் என்று பார்க்கத் தெருமுனை தெரிந்தால் போதும். வாசற்படி வரை போக வேண்டியதில்லை. மூன்றாவது, படத்தைப் பார்க்க நான்கு பேரின் மின்னஞ்சல் விலாசத்துக்கு மட்டும் அனுமதி. 'இணைப்பு வைத்திருக்கும் யாரும்' என்பதைத் திறப்பதே இல்லை. மற்றவர்களுக்குக் கூட்டத்தில் திரையில் காட்டுகிறோம். நான்காவது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்தம். வீடு மாறினவர், வேண்டாம் என்று மனம் மாறினவர், போய்ச் சேர்ந்துவிட்டவர் எல்லோரையும் அப்போது சரிபார்க்கிறோம்.

கூகுள் வேண்டாம் என்பவர்களுக்கு, ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் மேலேயே புள்ளி வைக்க 'யுமேப்' என்று இன்னொரு இலவச சாதனம் இருக்கிறது. கணக்குத் திறக்காமலே அதில் வரையலாம். திருத்துவதற்கென்று அது ஒரு இரகசிய இணைப்புத் தரும். அதைப் பத்திரப்படுத்த வேண்டும். எந்தச் சாதனமானாலும், யார் பார்க்கலாம் என்ற இடத்தை முதலில் சரிபார்த்துவிட்டுப் பிறகு புள்ளி வையுங்கள். எதுவுமே வேண்டாம் என்றால், கடையில் விற்கும் ஊர்ப் படத்தில் குண்டூசி குத்தினாலும் சரிதான். அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பமாட்டார்கள்!

இப்போது நாங்கள் ஒரு மாதம் மந்தைவெளியிலும், மறு மாதம் நங்கநல்லூரிலும் கூடுகிறோம். நங்கநல்லூர் முதல் கூட்டம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. எதிரே பரங்கிமலை. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் ஏழரை மைலைச் சங்கிலி பிடித்து அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய நில அளவை அங்கேதான் தொடங்கிற்று. அந்த மலையைப் பார்த்துக்கொண்டு பதினேழு பெண்கள் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். பதினேழில் பத்துப் பேர் பழைய சிவப்புப் புள்ளிகள்.

மந்தைவெளி அம்மாளுக்குக் கண்புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு கண்ணில் அறுவை ஆகிவிட்டது. இன்னொன்றுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை திங்களும் வியாழனும் எங்களில் ஒருவர் இரண்டு மாடி ஏறிப் போய் ஒரு மணி நேரம் படித்துக் காட்டுகிறோம். என் முறை வந்தபோது ஒரு அத்தியாயம் படித்து முடித்து, "எப்படி மாமி?" என்று கேட்டேன்.

"கதை பரவாயில்லை. நீதான் கமா வருகிற இடத்தில் நிறுத்தமாட்டேன் என்கிறாய்" என்றார்.

காரியதரிசி அம்மாள் அந்தப் பழைய தீர்மானத்தை இன்னும் பதிவேட்டிலிருந்து அடிக்கவில்லை. அதற்குக் கீழே, தம் அழகான கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'இனி, தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர்களின் வீட்டுக்குச் சங்கத்திலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும்.'

ஏகமனதாக நிறைவேறியது.